புலிப்பால் குடித்த மண்டோர்

என் இருமலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் என்னைவிட அதற்குத்தான் பெயர் அதிகம்.

மலாயாவில், செமோருக்குக் கிழக்கே, மலைக்காடு தொடங்குகிற இடத்தில் இருந்த ரப்பர் தோட்டத்தில் நான் மண்டோராக இருந்தேன். பால் வெட்டுகிறவர்களை மேய்க்கிற வேலை. விடிவதற்கு முன்னால் பிரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடவேண்டும். அவர்கள் வெட்டுக்காட்டுக்குப் போனபிறகு பின்னாலேயே போய், யார் பட்டையைக் காயப்படுத்துகிறார்கள், யார் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு, வாயில் சுருட்டு, இவ்வளவும் சேர்ந்ததுதான் மண்டோர் அப்பாவு. இவற்றுக்கெல்லாம் முன்னால் இருமல் போகும்.

அது தொண்டையில் சும்மா ஒரு செருமலாகத் தொடங்கும். பிறகு நெஞ்சுக்குள் இறங்கி, காலி பீப்பாயை மேட்டிலிருந்து உருட்டிவிட்டதுபோல உருளும். கடைசியில் ஒரு சீழ்க்கையோடு முடியும். மலை பக்கத்தில் இருந்ததால் அது இன்னொரு முறை எதிரொலித்துத் திரும்பி வரும். முதல் தடவை கேட்கிறவர்கள் இரண்டு பேர் இருமுவதாக நினைப்பார்கள்.

நான் போகிற இடமெல்லாம் ஆட்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட மரத்தடியில் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்த தம்பிமுத்துவிடம் இதை நான் பெருமையாகச் சொல்வதுண்டு. என் காலடி பட்ட இடத்தில் சோம்பல் நிற்காது என்பேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு இருமல் தண்ணி மருந்தை ஊற்றிக் கொடுப்பார். அந்தச் சிரிப்பு எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை.

புதுத் துரை வந்தபிறகுதான் இருமலுக்கு ஆபத்து வந்தது. இளம் வயது. தமிழை முன்ஷி வைத்துப் படித்து, பரீட்சையும் எழுதித் தேறியவர். அதனால் புத்தகத்தில் இருக்கிற தமிழைத்தான் பேசுவார். முதல் நாள் பிரட்டில் நான் பெயர் கூப்பிட, நடுவில் இருமல் வந்துவிட்டது. துரை இரண்டடி பின்னால் போனார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். மறுநாள் டிரெஸ்ஸரைக் கூப்பிட்டு, இந்த மனிதனுக்குக் காசமாக இருக்கலாம், ஈப்போவுக்கு அனுப்பிக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

காசம் என்றால் கப்பல்தான். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். செமோரில் ரயில் ஏறி ஈப்போ போய்ச் சேர்வதற்குள் நான் என் சொத்தையெல்லாம் மனசுக்குள் பிரித்துக் கொடுத்துவிட்டேன். கோட்டு மைத்துனனுக்கு, குடை கோயிலுக்கு, பிரம்பு செல்லாயிக்கு. செல்லாயி என் மனைவி. அவளும் பால் வெட்டுகிறவள். பிரம்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று நான் யோசிக்கவில்லை. ஆனால் அந்த நினைப்பிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

ஈப்போ டாக்டர் குழாயை வைத்து முன்னாலும் பின்னாலும் கேட்டார். காசம் இல்லை, நெஞ்சு சுத்தம், சுருட்டைக் குறைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தோட்டத்துக்குத் திரும்பி வந்து, இப்படிப்பட்ட நெஞ்சை டாக்டர் பார்த்ததே இல்லையாம் என்று ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் எல்லோரிடமும் சொன்னேன். சுருட்டு விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்.

துரைக்கு அது போதவில்லை. காசமோ இல்லையோ, பெயர் கூப்பிடுகிறவன் இப்படி இருமினால் பாதிப் பெயர் யாருக்கும் கேட்பதில்லை, இருமலை நிறுத்து, முடியாவிட்டால் வேறு மண்டோர் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எனக்குப் பதிலாக இந்தக் காட்டைக் கட்டி மேய்க்க எவனால் முடியும் என்று செல்லாயியிடம் வெகுநேரம் பேசினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துவிட்டு, "நான் ஒரு மருந்து கேட்டு வச்சிருக்கேன்" என்றாள்.

மலையிலிருந்து, காட்டுக்குள்ளேயே குடியிருக்கிற செமாய் ஆட்கள் சில சமயம் எங்கள் தோட்டத்து எல்லைக்கு வருவார்கள். பிரம்பும் பெத்தாய்க் காயும் கொண்டுவந்து சீனர் கடையில் கொடுத்து, உப்பும் புகையிலையும் வாங்கிப் போவார்கள். அவர்களில் பா ஆலாங் என்று ஒருவர். அவருக்கும் செல்லாயிக்கும் எப்படியோ பழக்கம். அவளுக்குத் தெரிந்த மலாயும் அவருக்குத் தெரிந்த மலாயும் சேர்ந்தால் ஒரு முழு மலாய் ஆகும். என் இருமல் அவர் இருக்கிற மலைவரைக்கும் கேட்பதாக அவர் சொன்னாராம். அது என்ன மிருகம் என்று கேட்டிருக்கிறார். என் புருஷன் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வாரம் அவர் அதைக் கொண்டுவந்தார். இலையில் சுற்றிய ஒரு கட்டி. பார்த்தால் சேப்பங்கிழங்கு மாதிரி, மேலே கருமண்ணும் சுருக்கமுமாக. அதன் தலையிலிருந்து ஒரு காம்பு போய், காம்பின் நுனியில் காய்ந்த குடை. கிழங்குதானே என்று நான் கேட்டேன். கிழங்கில்லை, காளான் என்றார் அவர். மண்ணுக்குள் இந்தக் கட்டியாக இருந்து, ஒருநாள் குடை விரித்து வெளியே வருமாம். மலாயில் அதற்குப் பெயர் சூசு ரிமாவ், புலிப்பால். குட்டிக்குக் கொடுக்கும்போது தாய்ப்புலியின் பால் சிந்திய இடத்தில் முளைப்பது என்று சொல்வார்கள். அவருடைய அப்பா சொன்னாராம். நான் பார்க்கவில்லை, பார்க்கிற தூரத்தில் நிற்கவும் மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார்.

மருந்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பெயர்மேல் உடனே நம்பிக்கை வந்துவிட்டது. புலிப்பால் குடித்த மண்டோர். சொல்லிப் பார்க்கவே நன்றாக இருந்தது.

செல்லாயி அந்தக் கட்டியைச் சொரசொரப்பான கல்லில் இழைப்பாள். உள்ளே வெள்ளையாக, சுண்ணாம்புபோல இருக்கும். இழைத்த தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, கொஞ்சம் தேத்தூளும் ஒரு துண்டு இஞ்சியும் சேர்த்து, பிரட்டுக்குப் போகுமுன் வெறும் வயிற்றில் கொடுப்பாள். புலியின் சீற்றத்தை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் குடித்தேன். ஒன்றுமே இல்லை. மழை பெய்த மண்ணை அவித்ததுபோல ஒரு வாசம், அவ்வளவுதான். கசந்திருந்தாலாவது தியாகம் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பத்தியம் வேறு வைத்தாள். சுருட்டு கூடாது, கள்ளு கூடாது. பா ஆலாங் இதை உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் வாயில் புகையிலை புகைந்துகொண்டிருந்ததே என்று கேட்டேன்.

"அவரு இருமலையே" என்றாள் செல்லாயி.

இருமல் உடனே போய்விடவில்லை. முதலில் சீழ்க்கை நின்றது. பிறகு பீப்பாய் உருள்வது நின்றது. செருமல் மட்டும் கொஞ்ச நாள் வாசலில் நின்ற விருந்தாளிபோல இருந்துவிட்டு, ஒருநாள் காலையில் அதுவும் இல்லை. பெயர் கூப்பிட்டு முடித்தேன், ஒரு தடங்கலும் இல்லை. துரை தலையசைத்தார். சுருட்டை விட்டதால்தான் குணமாயிற்று என்றார் தம்பிமுத்து. காளான் தேத்தண்ணியால்தான் என்றாள் செல்லாயி. என் மன உறுதியால்தான் என்று நான் சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் நான் ஏறக்குறைய ஒரு வைத்தியனாகவே ஆகிவிட்டேன். லயத்து வாசலில் உட்கார்ந்து, புலி எந்தப் பக்கமாகப் படுத்துப் பால் கொடுக்கும், பால் எந்த மாதிரி மண்ணில் விழவேண்டும் என்றெல்லாம் விவரமாகச் சொல்வேன். நான் புலியையே பார்த்ததில்லை. முழங்கால் வலிக்கு ஒருவர் கேட்டார், முடி கொட்டுவதற்கு ஒருவர் கேட்டார், மருமகள் வாயை அடக்க ஏதாவது உண்டா என்று எங்கள் காட்டில் பால் வெட்டுகிற காளியம்மா கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆகும் என்றேன். செல்லாயி மிச்சமிருந்த கட்டியை எடுத்துப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள்.

ஆனால் வெட்டுக்காட்டில் விஷயம் வேறு மாதிரி இருந்தது. இருமல் போனபிறகு முதல் நாள் நான் ஒரு மர நிரைக்குள் நுழைந்தபோது, காளியம்மா பால் வாளியோடு திரும்பினாள். என்னைப் பார்த்ததும் பேயைக் கண்டவள்போல வாளியைக் கீழே போட்டுவிட்டாள். அத்தனை பாலும் மண்ணில். அடுத்த நிரையில் ஒருவன் திடுக்கிட்டதில் உளி வழுக்கி மரத்தில் எலும்பு தெரிகிற அளவுக்கு ஒரு காயம். இன்னொரு இடத்தில் இரண்டு பேர் மரத்தடியில் உட்கார்ந்து சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. ஒருவன் எனக்கும் ஒரு வெற்றிலையை நீட்டினான்.

இரண்டு நாள் கழித்துத்தான் முழுசாக விளங்கியது. பால் கொண்டுபோகிற பாதையில் ஒரு கூட்டம் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் சீனி. துடுக்கான ஆள், ஆனால் அவனைப்போலச் சுத்தமாக வெட்டுகிறவன் எங்கள் காட்டில் கிடையாது. துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, ஒரு குச்சியைப் பிரம்பாக வைத்துக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளி நடந்தான். பிறகு இருமினான். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன். நன்றாகத்தான் செய்தான். செருமல் சரி, பீப்பாய் சரி. சீழ்க்கையை மட்டும் சீக்கிரமாக விட்டுவிட்டான். அதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் உண்டு. அதை யாராவது அவனுக்குச் சொல்லியிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம்தான் கோபப்படவேண்டும் என்பது ஞாபகம் வந்தது.

நான் வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது. சீனி குனிந்த நிலையிலேயே நின்றான், நிமிரவும் முடியவில்லை. "சரி சரி, வேலையப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். என் பிரம்பு எதற்காக என் கையில் இருந்தது என்று தெரியவில்லை.

வீட்டில் செல்லாயியிடம் சொன்னேன். அவள் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். அவள் அழவில்லை. லயத்தில் பச்சைப்பிள்ளைகள் தவிர எல்லோருமே என் இருமலைச் செய்வார்கள் என்று சொன்னாள். அதில் யார் நன்றாகச் செய்வார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான்தான்" என்றாள்.

இப்படியாக எனக்குத் தெரிந்தது என்னவென்றால், இத்தனை வருஷமாக ஆட்கள் எனக்குப் பயந்து வேலை செய்யவில்லை. என் இருமலை வைத்தே நான் எந்த நிரையில் இருக்கிறேன், இங்கே வர எவ்வளவு நேரமாகும் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த நேரத்தில் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்கள், பிறகு மிச்ச நேரத்தில் நன்றாகவே வெட்டுவார்கள். இப்போது எப்போது வருவேன் என்று தெரியாததால் எந்நேரமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெட்டினார்கள். கை பதறியது. பால் குறைந்தது. காயம் பட்ட மரங்கள் கூடின.

காளியம்மா ஒருநாள் செல்லாயியிடம் தூதாக வந்தாள். நான் உள்ளே படுத்திருந்தேன். தூங்குவதாக நினைத்துக்கொண்டு பேசினாள். அண்ணனுக்கு இருமல் திரும்பி வர ஏதாவது வழியிருக்கா, ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கட்டு நல்ல சுருட்டு வாங்கித் தரத் தயாராக இருக்காங்க என்றாள். அது முடியாவிட்டால் இடுப்பில் ஒரு சின்ன மணி கட்டிக்கொண்டால்கூடப் போதும் என்றாள். நான் எழுந்து உட்கார்ந்து, நான் மண்டோரா மாடா என்று கேட்டேன். அவள் போய்விட்டாள். ஆனால் யோசித்துப் பார்த்துப் பதில் சொல்லாமல் போனதுபோலத்தான் எனக்குப் பட்டது.

அதற்கப்புறம் வந்த ஒரு காலையில்தான் இருளாயியைப் பார்த்தேன்.

இருளாயி செல்லாயியோடு ஒரே நிரைக்கட்டில் வெட்டுகிற இளம்பெண். அவளுக்கு மாசம் நிறையாமல் ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. கைக்குழந்தைகளைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வரவேண்டும், வெட்டுக்காட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்பது சட்டம். பிரட்டில் அதை உரக்கச் சொல்கிறவனே நான்தான். அன்று நான் சத்தமில்லாமல் வளைவு திரும்பியபோது, மலைப் பக்கமாக இருந்த இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு சேலைத் தூளி தொங்கியது. இருளாயி மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை என்றால் ஒரு கை அகலம்தான் இருக்கும். அவளுடைய மரங்களைச் செல்லாயி வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிரையின் அந்தப் பக்கத்து மரங்களைச் சீனி வெட்டினான். தங்கள் நிரையை முடித்துவிட்டு வந்து வெட்டுகிறார்கள் என்பது அவர்கள் வேகத்திலேயே தெரிந்தது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. மண்டோராக இருப்பவன் அந்த இடத்தில் கனைத்திருக்கவேண்டும். நான் கோட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். காய்ந்த இலை நொறுங்கியது. மறு காலுக்கு அடியில் ரப்பர்க் கொட்டை ஓடு வெடித்தது. அப்படியே கொக்குபோல ஒற்றைக்காலில் நின்றேன். பிறகு என் சொந்த ஆட்களிடமிருந்து திருடன்போல ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி வளைவுக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன். இதைச் செல்லாயியிடம்கூட நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த நிரைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

துரை சுற்றவில்லை. பால் குறைந்துபோன கணக்கு அவர் கண்ணில் பட்டு, ஒருநாள் நானே வந்து பார்க்கிறேன் என்று என்னோடு கிளம்பிவிட்டார்.

"அப்பாவு, மரங்கள் ஏன் குறைவாகப் பால் தருகின்றன?" என்று நடந்துகொண்டே கேட்டார்.

மழை என்றேன். அந்த மாசம் மழையே பெய்யவில்லை. அவர் வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கீழ்க்காட்டைப் பார்த்தார், நடுக்காட்டைப் பார்த்தார். பிறகு நேராக மலைப் பக்கத்து வளைவை நோக்கி நடந்தார். அந்தப் பக்கம் அட்டை அதிகம் என்றேன். பூட்ஸ் போட்டிருக்கிறேன் என்றார். பாம்பு என்றேன். அவர் இன்னும் வேகமாக நடந்தார். வளைவுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். தூளியை அவிழ்க்க அவர்களுக்கு எப்படியாவது தெரியவேண்டும்.

இருமினேன். அதாவது இருமப் பார்த்தேன். அடக்கினாலும் அடங்காமல் என்னோடு வருஷக்கணக்காகக் குடியிருந்த இருமல், தேவைப்படுகிற நேரத்தில் வரவில்லை. ஆட்டுக்குட்டி தும்மியதுபோல ஒரு சின்ன ஓசைதான் வந்தது. மறுபடியும் முயன்றேன். தொண்டை எண்ணெய் தடவிய குழாய்போல வழவழவென்று இருந்தது. புலிப்பால் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தது. செல்லாயிமேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

வேறு வழி தெரியாமல் பாட ஆரம்பித்தேன். பாடுவது என்றால் பாட்டு வேண்டும். ஒரு பாட்டும் ஞாபகம் வரவில்லை. முருகன் பெயர்தான் வந்தது. அதையே அடிவயிற்றிலிருந்து, எவ்வளவு நீட்டமுடியுமோ அவ்வளவு நீட்டி, முருகா, முருகா என்று கத்தினேன். மலை அதைத் திருப்பிக் கொடுத்தது.

துரை நின்றுவிட்டார். "நீ ஏன் கூவுகிறாய்?" என்று கேட்டார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற தஞ்சோங் ரம்புத்தான் எங்களுக்குப் பக்கம்தான். அவர் பார்வை அந்தத் திசையில் போய்த் திரும்பியது. நான் இன்னும் உரக்க முருகா என்றேன்.

அவர்கள் எச்சரிக்கையாகி எல்லாவற்றையும் ஒளித்துவைப்பார்கள் என்பது என் கணக்கு. ஆனால் நான் பாடி அவர்கள் கேட்டதே இல்லை. மலையடிவாரத்தில் ஒரு மனிதன் முருகா முருகா என்று அலறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வளைவில் முதலில் வந்தவன் சீனி. கையில் உளியைக் கத்திபோலப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். பின்னால் செல்லாயி, இரண்டு கையிலும் கல். காளியம்மா வாளி தூக்குகிற காவடிக் கம்போடு வந்தாள். அவள் வயசுக்கு அவள் ஓடி நான் பார்த்ததில்லை. நடுக்காட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று. என்னைச் சுற்றி நின்றுகொண்டு காட்டையே பார்த்தார்கள்.

"எங்க மண்டோரே? எந்தப் பக்கம் போச்சு?" என்றான் சீனி. மூச்சு வாங்கியது.

"எது?"

"புலி."

துரைக்கு அந்த வார்த்தை தெரியும். அவர் மெதுவாக நகர்ந்து எனக்குப் பின்னால் வந்து நின்றார். செல்லாயி கல்லைக் கீழே போட்டுவிட்டு என் கோட்டை விலக்கிக் கையையும் தோளையும் தடவிப் பார்த்தாள். எங்கும் ரத்தம் இல்லை என்று தெரிந்ததும்தான் என் முகத்தைப் பார்த்தாள். இந்தக் கூட்டம்தான் என்னைப்போல நடந்து காட்டிச் சிரிக்கிற கூட்டம். உளியையும் கம்பையும் நம்பிப் புலிமேல் பாய வந்திருந்தார்கள், எனக்காக.

அப்போது பிள்ளை அழுதது. கடைசியாக இருளாயி வந்து நின்றாள். புலி நடமாடுகிற காட்டில் தூளியில் விட்டுவிட்டு எப்படி வருவாள், தோளில் போட்டுக்கொண்டே ஓடி வந்திருந்தாள்.

துரை எனக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "அந்தக் குழந்தை ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

இருளாயி என்னைத்தான் பார்த்தாள். சட்டத்தைப் பிரட்டில் சொல்கிறவன் நான்தானே.

"நான்தான் கொண்டாரச் சொன்னேங்க, தொரை" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "கொட்டாயில உட்டா பால் குடிக்க மாட்டேங்குது. மாசம் பத்தாத புள்ளைங்க. தாய் பக்கத்துல இல்லன்னா செத்துரும்."

துரை பிள்ளையைப் பார்த்தார். "அந்த உத்தரவைக் கொடுக்க உனக்கு அதிகாரம் இல்லை" என்றார். பிறகு பங்களாவுக்குப் போய்விட்டார்.

அன்று மாலை அவர் தம்பிமுத்துவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். குழந்தைக்கு அடிக்கடி தாய்ப்பால் வேண்டும், கொட்டகைக்கும் வெட்டுக்காட்டுக்கும் நடக்கிற தூரம் அதிகம் என்று டிரெஸ்ஸர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பிள்ளை தேறுகிறவரைக்கும் இருளாயி அதைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று துரை அனுமதி கொடுத்தார். மறுநாள் பிரட்டில் என்னிடமிருந்து மண்டோர் வேலையை எடுத்துக்கொண்டார். இரண்டுமே அவருக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும். எனக்கு முதலாவது மட்டும்தான் அப்படிப் பட்டது.

சிலிம் ரிவரிலிருந்து சன்னாசி என்று ஒருவர் புது மண்டோராக வந்தார். ஆணி அடித்த பூட்ஸ் போட்டு நடப்பவர். ஆட்களுக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

எனக்கு உளி கொடுத்து, செல்லாயிக்குப் பக்கத்து நிரையில் விட்டார்கள். வருஷக்கணக்கில் மற்றவர்கள் வெட்டைக் குறை சொன்னவன் என்பதால், வெட்டுவது எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். முதல் நாள் என் மரங்களைப் பார்த்த சீனி, பூனை ஏறி இறங்கியதா என்று கேட்டான். பால், அதைப் பிடிக்கிற மங்குக்குள் போகாமல் மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓடியது. செல்லாயி தன் நிரையை முடித்துவிட்டு வந்து, என் மரங்களின் வெட்டைச் சரிசெய்துகொண்டே போவாள். நான் பின்னாலேயே போய் அதைப் பார்ப்பேன். மேற்பார்வை பார்த்த பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

என்னை இப்போது யாரும் மண்டோரே என்று கூப்பிடவில்லை, அண்ணே என்றார்கள். வெற்றிலை போட உட்காரும்போது நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன், அவர்கள் நடித்துக் காட்டுவது என் ஒருவனை மட்டுமில்லை. சீனி துரையின் தமிழையும் பேசுவான். துரையைவிட நன்றாகவே பேசுவான்.

அடுத்த மழைக்காலத்துக்குள் சன்னாசி, மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் சிலிம் ரிவருக்கே திரும்பிப் போய்விட்டார். துரை ஒருநாள் காலையில் என் நிரைக்கே வந்தார். நான் வெட்டிய மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த மரங்களைக் காப்பாற்ற ஒரே வழி உன்னை மறுபடியும் மண்டோர் ஆக்குவதுதான் என்று புத்தகத் தமிழில் சொன்னார். அதை மரியாதையாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று நிதானமாக யோசித்துப் பதில் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் சரிங்க என்று சொல்லிவிட்டேன்.

உளியை மரத்திலேயே செருகிவிட்டு, கோட்டு எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன். செல்லாயி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நான் பாதியில் விட்டுவிட்டு வந்த நிரையையும் அவள்தான் வெட்டி முடிக்கவேண்டியிருந்தது.